வாழும் மனிதர்: இரண்டு

வில்லியனூரில் கோயில் தேர் நிற்கிற இடத்திலிருந்து ரயிலடிக்குப் போகும் தெருவில், பிரெஞ்சுக்காரன் காலத்து உப்புக் கிடங்கு ஒன்றில் பஞ்சுமெத்தைக் கடை வைத்திருந்தார் ஹாஜா மைதீன். ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் அவர் அரசாங்கத்துக்கு எதுவும் எழுதியதில்லை. அரசாங்கமும் அவருக்கு எதுவும் எழுதியதில்லை. இரண்டு பேரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாசம் அவர் ஒரு மனு எழுதினார்.

பத்தே வரி. மாடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்து முன்கை கனத்துக்கு வளர்ந்துவிட்டது. வேர் உள்பக்கம் இறங்கிச் சுவரைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. கீழே கடையில் பஞ்சு இருக்கிறது, மேலே நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம், ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து ஆள் அனுப்பிக் கன்றை வெட்டி, விரிசலைப் பூசித் தரவேண்டும். இவ்வளவுதான். இதில் 'வெட்டி' என்ற ஒரு வார்த்தை மட்டும் தவறு என்று பிற்பாடு அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

கிடங்கு அரசாங்கச் சொத்து. ஹாஜா மைதீனின் அத்தா காலத்திலிருந்து வாடகை. பிரெஞ்சுக்காரன் போனபிறகு அது ஒவ்வொரு இலாகாவாகக் கைமாறி, முந்தின வருஷம்தான் பழங்கட்டடப் பசுமைப் புத்துயிர்ப்பு வாரியத்தின் கைக்கு வந்திருந்தது. நகர்ப்புறத்துப் பழைய கட்டடங்களுக்குள் தோட்டம் வளர்த்து, அவற்றை நீடித்து நிலைக்கச் செய்வது வாரியத்தின் நோக்கம். வாரியத்துக்கு முப்பத்தொரு ஊழியர்கள், இரண்டு ஜீப்பு, ஒரு முத்திரை எல்லாம் இருந்தன. நகர்ப்புறத்தில் தோட்டம் போடக் கட்டடம்தான் இல்லை. புதுச்சேரி டவுனில் பழைய கட்டடம் வைத்திருந்த யாரும் அதற்குள் மண் கொட்ட ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து இந்த மனு போய்ச் சேர்ந்தது. வில்லியனூர் நகர்ப்புறமா என்று ஒரு கேள்வி எழுந்தது. ரயிலடித் தெருவில் பதினொன்றாம் மின்கம்பத்திலிருந்து பதிமூன்றாம் மின்கம்பம் வரைக்கும் நகர்ப்புறம் என்று ஆணை போட்டார்கள். கேள்வி அடங்கியது.

நாலாம் நாள் ஜீப்பு வந்தது. வாரியத்தின் தனி அதிகாரி அரங்கநாதன் இறங்கினார். பின்னாலேயே ஃபைல் கட்டைச் சுமந்துகொண்டு குமாஸ்தா பச்சையப்பன். மனு போட்டு நாலே நாளில் ஆள் வந்துவிட்டதே என்று ஹாஜா மைதீனுக்குப் பூரித்துப் போயிற்று. கடையை அப்படியே போட்டுவிட்டு அவர்களை மாடிக்குக் கூட்டிப்போய் அரசங்கன்றைக் காட்டினார்.

அரங்கநாதன் கன்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்தறாங்க?"

"யாரும் ஊத்தலீங்க சார். மழதான் ஊத்துது. அதான் ஒழுவுதுன்னு எழுதியிருக்கேன்."

"எழுதிக்கோ பச்சையப்பன். சுய பாசனம்." அரங்கநாதன் சுவர் விரிசலை விரலால் தொட்டார். "ஒழுவற தண்ணி எங்க போவுது?"

"கீழ வருது சார். பஞ்சு மேல."

"உபரி நீர் மறுபயன்பாடு."

"பஞ்சு கட்டி தட்டிப்போவுது சார்."

"பாய்," என்று அரங்கநாதன் அவர் தோளில் கையை வைத்தார். "ஒரு செடிய கட்டடத்துக்குள்ள வளக்கறதுக்கு நாங்க ரெண்டு வருஷமா மீட்டிங் போட்டுக்கினு இருக்கோம். நீங்க ஒரு மீட்டிங்கும் போடாம வளத்துட்டீங்க. இத வெட்டணும்னு எழுத உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துது?"

ஹாஜா மைதீனுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பச்சையப்பன் சுத்தியலை வாங்கி, ஏற்கெனவே பிளந்திருந்த சுவரில் ஆணி அடித்து, 'தாவரம் 1' என்று எழுதிய தகரத்தை மாட்டினார். ஆணி இறங்கிய இடத்திலிருந்து ஒரு செங்கல் தெருவில் விழுந்தது.

பிறகு மாதிரிக் கட்டட ஆய்வுப் படிவம் என்று ஒன்றை விரித்தார்கள். மரம் எத்தனை, கொடி எத்தனை, பறவைக் கூடு எத்தனை, பல்லி முதலான ஊர்வன எத்தனை என்று கேட்டுக்கொண்டே வந்த பச்சையப்பன், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். "வாழும் மனிதர்?"

"நானும் எங்க வூட்டுலயும். புள்ளைங்க இல்ல."

"ரெண்டு," என்று எழுதிக்கொண்டார் பச்சையப்பன். மூன்று பிரதியிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறவர்களைத் தவிர தன்னை யாரும் எண்ணியதில்லை என்பதால் ஹாஜா மைதீன் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்.

அடுப்படியில் இருந்ததால் பேச்சு பாதிதான் காதில் விழுந்த அவர் மனைவி தாஜ் நிஷா, ஜீப்பு போனதும் கேட்டாள். "வெட்டறாங்களா?"

"இல்ல தாஜு. என்ன காப்பாளரா போட்டிருக்காங்க."

"எதுக்குக் காப்பாளரு?"

"செடிக்கு."

தாஜ் நிஷா எழுந்துபோய் ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்தாள்.

ஆவணி முழுக்க லாரி லாரியாகச் செம்மண் வந்தது. மாடியில் தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல் பரப்பிச் சுண்ணாம்பு போட்ட தளம். அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டினார்கள். தாஜ் நிஷா சோறாக்குகிற இடம் பெரணிப் பிரிவு ஆயிற்று. படுக்கிற அறை வாழைப் பிரிவு ஆயிற்று. வாழைக்கு வெயில் வேண்டும் என்று கூரையில் ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு ஓட்டை போட முடிவு செய்தார்கள். பாகூரிலிருந்து வந்த கொத்தனார் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார், இது உப்பு தின்ன சுவரு. உத்தரம் உள்ளுக்குள்ள மக்கிப் போயிருக்குது. இந்த மண்ணு பாரத்த இறக்காம நான் மேல கைய வெக்க மாட்டேன்."

"உங்க படிப்பு இன்னா?" என்று கேட்டார் அரங்கநாதன்.

"கையெழுத்து போடுவேன் சார்."

கொத்தனாரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஓட்டை போட்டுவிட்டுப் போனார்.

ஹாஜா மைதீனும் தாஜ் நிஷாவும் கீழே கடைக்குள் குடி வந்தார்கள். மூன்று வேளையும் மாடிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றவேண்டியது காப்பாளரின் கடமை. அவர் மேலே ஊற்றியது கீழே அவர் தலையிலேயே சொட்டியது. இலவம் பஞ்சு ஈரத்தில் கட்டி கட்டியாகி முடைநாற்றம் எடுத்தது. கல்யாணத்துக்கு மெத்தை சொல்லியிருந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது தாஜ் நிஷாவின் மூச்சு. சின்ன வயசில் இருந்து விட்டுப்போன இழுப்பு, புரட்டாசியில் திரும்பி வந்தது. நாலு வார்த்தை பேசினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற விசில் சத்தம் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டது.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தான் பொறுப்பில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு ஹாஜா மைதீன் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனார். வாரிய அலுவலகம் புது கான்கிரீட் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தது. தரை பளபளவென்று காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அரங்கநாதனின் மேஜைமேல் பிளாஸ்டிக் ரோஜா. கண்ணை ஓட்டிப் பார்த்தார். ஒரு தொட்டிகூட இல்லை.

அவர் பார்ப்பதை அரங்கநாதன் பார்த்துவிட்டார்.

"இங்க செடி வெக்க முடியாது பாய். ஃபைலுங்க இருக்குது. மனுஷன் நனைஞ்சா துடைச்சிக்கலாம். ஃபைல் நனைஞ்சா போச்சு. வேற உண்டாக்க முடியாது."

ஹாஜா மைதீன் டாக்டர் சீட்டை நீட்டினார். அரங்கநாதன் நிதானமாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"செடி வந்த பிற்பாடுதான் இழுப்பு வந்துதா?"

"ஆமா சார். அதுக்கு முன்னால முப்பது வருஷமா இல்ல."

"பாத்தியா பச்சையப்பன்! செடிக்கும் மனுஷனுக்கும் மூச்சுத் தொடர்பு இருக்குதுன்னு நான் சொன்னப்ப சிரிச்சாங்க. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. ஃபைல்ல சேரு."

"சார், அவ செத்துடுவா சார்."

"அப்படியெல்லாம் பேசக்கூடாது. கார்த்திகையில டெல்லியிலேந்து பார்வையிட வராங்க."

ஹாஜா மைதீன் கடைசி முடிவாக ஒன்றை யோசித்துக்கொண்டு வந்திருந்தார். "எங்கள வெளிய வுட்டுடுங்க சார். எங்க அத்தா வெச்ச கடை. இருந்தாலும் பரவால்ல. காலி பண்ணிக் குடுத்துடறேன். நீங்க முழுசா தோட்டமே போட்டுக்குங்க."

அரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "நீங்க இல்லன்னா அது வெறும் தோட்டம் பாய். தோட்டத்துக்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது, அது தோட்டக்கலைக்காரன் பாக்கறது. மனுஷன் உள்ள குடியிருந்தாத்தான் அது எங்க திட்டம். வாழும் மனிதர் ரெண்டுன்னு டெல்லிக்கு எழுதியாச்சு. நீங்க போவணும்னா தாராளமா போங்க. பதிலுக்கு ரெண்டு பேர அழைச்சிக்கினு வந்து உட்காத்திட்டுப் போங்க."

"அந்த எடத்துக்கு யாரு சார் வருவா?"

"அதான் எங்க கவலையும்," என்றார் அரங்கநாதன்.

விடுவிப்பு ஆணை இல்லாமல் போனால் கடை லைசென்ஸ் ரத்து, அரசுத் தாவரங்களை அனாதையாக விட்ட குற்றத்துக்கு வழக்கு வேறு என்று பச்சையப்பன் படிக்கட்டு வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஹாஜா மைதீன் கோர்ட்டு வாசலை மிதிக்காத பரம்பரை. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயம் அவரை ஆட்டிப் படைத்தது.

மறுநாள் தாஜ் நிஷாவைச் சுத்துக்கேணியில் இருக்கும் அவள் அக்கா ஜொஹரா பீவியின் வீட்டுக்கு அனுப்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்த்திவிட்டுக் கீழே நின்றார்.

"நீங்களும் ஏறுங்க," என்றாள் அவள். அதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு பிடித்தது. "எல்லாத்தையும் வுட்டுட்டு ஏறுங்க. இன்னா பண்ணிடுவாங்க?"

"பாத்துக்கினு வரேன் தாஜு. ஒரு மாசம்."

"அந்தக் கூர..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது. பஸ் புறப்பட்டது.

பத்து நாள் கழித்து ஒரு குறிப்பாணை வந்தது. 'மாதிரிக் கட்டடத்தில் வாழும் மனிதர் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. பெரணி, வாழை ஆகியவை திருப்திகரமாக வளர்ந்துவரும் சூழ்நிலையில் மனிதர் மட்டும் குறைந்தது ஏன் என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று விளக்கம் எழுதினார். 'உடம்பு சரியில்லாதவரும் எண்ணிக்கையில் சேர்வார் என்பதால் விளக்கம் ஏற்கப்படவில்லை' என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். பழைய அரிவாளைத் தீட்டிக்கொண்டு மாடி ஏறினார். முதலில் அந்த அரசங்கன்று, அப்புறம் வாழை, அப்புறம் எல்லாம். ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும் என்று ஒரு வெறி. சுவர் பக்கம் போய்க் கிளையை விலக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது. வேர் சுவர் முழுக்க விரல் விரித்து ஓடியிருந்தது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்பே இல்லை, பொடியாகக் கொட்டிக் கிடந்தது. சுவரை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது வேர் மட்டும்தான். வெட்டினால் சுவர் இறங்கிவிடும். வெட்டாவிட்டாலும் இறங்கிவிடும், கொஞ்சம் தாமதமாக.

அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று வாழைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

கார்த்திகை அடைமழையில் டெல்லிக்காரர் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே ஜீப்பில் ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெயர் விருத்தாம்பாள், ஊர் பண்டசோழநல்லூர். வாரிய அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். இதற்கு முன்னால் எத்தனையோ அலுவலகங்களில் பெருக்கியிருக்கிறாள். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தாஜ் நிஷாவின் பச்சைப் புடவையை வாங்கி அவளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முக்காடு போட்டு, மாடியில் வாழைக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"பேரு கேட்டா?" என்று பச்சையப்பன் பாடம் கேட்டார்.

"தாஜ் நிஷா."

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா?"

"சந்தோசமா இருக்கேன்."

அரங்கநாதன் அவள் முன்னால் வந்து விரலை ஆட்டினார். "நான் சொல்ற வரைக்கும் அந்தச் சேர வுட்டு எழக்கூடாது. இன்னா ஆனாலும். இன்னிக்கி நல்லபடியா முடிஞ்சா உன் ஃபைல்ல கையெழுத்து போடறேன். எழுந்தியோ, நாளைலேந்து வேலைக்கி வராத."

அவர்கள் கீழே போனதும் விருத்தாம்பாள் ஹாஜா மைதீனை நிமிர்ந்து பார்த்தாள். "தப்பா நெனச்சிக்காதீங்க பாய். உங்க வூட்டம்மா பொடவய கட்டிக்கினு உக்காந்திருக்கேன். எனக்கே கூச்சமா இருக்குது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பாத்து உக்காரு. மேல சத்தம் கேட்டா ஓடி வந்துடு."

அவள் நாற்காலியின் கையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டெல்லிக்காரர் உயரமான மனிதர். தமிழ் தெரியாது. பார்க்கிறதை எல்லாம் பார்த்துத் தலையை ஆட்டினார். பெரணியைப் பார்த்து ஆட்டினார், வாழையைப் பார்த்து ஆட்டினார், விருத்தாம்பாளைப் பார்த்தும் அதே அளவுக்கு ஆட்டினார். கீழே இறங்கிவந்ததும் கடை வாசலில் மாலை போட்டார்கள். அரங்கநாதன் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு கட்டடம் எதற்காக நிற்கிறது? மக்கள் குடியிருக்க என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பழைய சிந்தனை. கட்டடம் நிற்பது திட்டத்துக்காக. இந்தக் கட்டடத்தில் தளம் ஒழுகுகிறது என்று ஒரு மனு வந்தது. எங்கள் வாரியம் அந்த மனுவைக் குப்பையில் போடவில்லை. அதை ஒரு திட்டமாக மாற்றியது! இன்று இங்கே ஒழுகாத இடமே இல்லை. இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. போகவும் முடியாது, அவ்வளவு பிணைப்பு!"

மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் வேறு ஒரு சத்தம் ஹாஜா மைதீனுக்கு மட்டும் கேட்டது. தலைக்கு மேலே, உத்தரம் முனகுகிற சத்தம். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புப் பொடி அவர் தோளில் கொட்டியது.

டெல்லிக்காரர் அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அரங்கநாதன் மொழிபெயர்த்தார். "சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாரு. சொல்லுங்க."

ஹாஜா மைதீன் டெல்லிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கூர விழப்போவுது. உங்க கால்ல வேணாலும் விழறேன். எல்லாரும் வெளிய போயிடுங்க. மேல ஒரு பொம்பள உக்காந்திருக்கா. அவள எறங்கி வரச் சொல்லுங்க."

அரங்கநாதன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டெல்லிக்காரர் கண் கலங்கி ஹாஜா மைதீனைக் கட்டிக்கொண்டார். வானமே இறங்கிவந்து தங்களை வாழ்த்துவதாக ஹாஜா மைதீன் சொன்னார் என்று அரங்கநாதன் மொழிபெயர்த்திருந்தது பிற்பாடு பச்சையப்பன் சொல்லித்தான் தெரிந்தது. டெல்லிக்காரருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மாலையோடு காரில் ஏறினார். கார் திரும்பி மறைந்தது.

அப்போது உத்தரம் முறிந்தது. துப்பாக்கி வெடித்தமாதிரி ஒரு சத்தம். கடைக்குள் செம்மண் சரசரவென்று இறங்கியது. தெருவில் முதலில் போய் நின்றவர் அரங்கநாதன். அடுத்தது பச்சையப்பன், ஃபைல் கட்டோடு. கூடியிருந்த அத்தனை பேரும் பதிமூன்றாம் மின்கம்பத்தைத் தாண்டி, நகர்ப்புறத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

"சார், அந்தப் பொம்பள!" என்று கத்தினார் ஹாஜா மைதீன். "எழுந்து வரச் சொல்லுங்க சார்! இங்கேந்தே கத்துங்க, கேக்கும்!"

அரங்கநாதனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

ஹாஜா மைதீன் உள்ளே ஓடினார். படிக்கட்டில் பாதிக்கு மேல் மண். கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினார். மாடியில் தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாழை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. நடுவில் விருத்தாம்பாள், நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நாற்காலி மெல்ல மெல்லப் பள்ளத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"எழுந்திரும்மா!"

"ஐயா இன்னும் சொல்லலியே."

"ஐயா ஓடிட்டாரு!"

"சொல்லாம எழுந்தா வேல போயிடும் பாய். ஒம்பது வருசம் பாய்..."

அதற்குமேல் அவர் பேசவில்லை. புடவையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நாற்காலியை விடவில்லை. நாற்காலியோடு சேர்த்தே இழுத்தார். படிக்கட்டு முனையில் நாற்காலி மாட்டிக்கொண்ட பிறகுதான் அவள் பிடி விட்டது. இரண்டு பேரும் மண்ணோடு மண்ணாக உருண்டு வாசலில் விழுந்தார்கள். பின்னால் கூரை, தளம், சுவர், பாத்தி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. தெரு முழுக்கச் செம்மண் புகை எழுந்தது. மழை அதை அடக்கியது.

ஹாஜா மைதீனுக்கு முழங்கை எலும்பு முறிந்திருந்தது. விருத்தாம்பாளுக்குச் சிராய்ப்பு. கடை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

தை மாசம் வாரியத்தில் விசாரணை வைத்தார்கள். கூரை ஏன் விழுந்தது என்பது விசாரணை இல்லை. அதற்குள் டெல்லியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்ததால் கூரை விழுந்ததாக எழுத வழியில்லாமல் போயிற்று. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது உத்தரவு இல்லாமல் இருக்கையை விட்டு எழுந்தது யார், எழுப்பியது யார் என்பதுதான் விசாரணை. அரங்கநாதன் தலைமையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு ஹாஜா மைதீன் நின்றார். பக்கத்தில் விருத்தாம்பாள்.

"நான் இறங்கச் சொன்னேனா?" என்று கேட்டார் அரங்கநாதன்.

"இல்லீங்க ஐயா."

"பின்ன எப்படி இறங்கின?"

"பாய் இழுத்தாரு."

"இழுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்துதா பாய்?"

"கூர விழுந்துது சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அதிகாரம் இருந்ததா என்று ஹாஜா மைதீன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் இருந்ததாகத் தெரியவில்லை. "இல்ல சார்," என்றார்.

விருத்தாம்பாளின் பெயரைத் தினக்கூலிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹாஜா மைதீனைக் காப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்க முடியவில்லை. விடுவிக்கவேண்டுமானால் கட்டடத்தை ஒப்படைக்கவேண்டும், ஒப்படைக்கக் கட்டடம் இல்லை. அவர் தொடர்ந்து காப்பாளராக இருந்துவரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு பேரும் ஒன்றாகவே படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நல்ல வெயில். ஹாஜா மைதீனுக்குச் சுத்துக்கேணி போகவேண்டும். தாஜ் நிஷாவுக்கு இப்போது மூச்சு பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள், அக்கா வீட்டில் மாவுகூட ஆட்டுகிறாளாம். அதை விருத்தாம்பாளிடம் சொன்னார். அவளும் நல்லாயிருக்கட்டும் என்றாள். அவளுடைய பஸ் இன்னும் வரவில்லை. ஒரு டீயை இரண்டு கிளாஸில் வாங்கிக் குடித்தார்கள்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது," என்றாள் விருத்தாம்பாள்.

"கேளும்மா."

"அன்னிக்கி நீங்க மேல வராம இருந்திருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்?"

"அத ஏம்மா இப்ப பேசிக்கினு. போயிருப்ப."

"அதான்." அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கோபமோ அழுகையோ இல்லை. கடையில் காய் விலை விசாரிக்கிற குரல்தான். "வேலையில இருக்கும்போது செத்தா வாரிசுக்கு வேல குடுப்பாங்களாம். கவருமெண்டு வேல. பச்சையப்பன் சொன்னாரு. எம்பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டு வூட்ல உக்காந்திருக்குது."

பண்டசோழநல்லூர் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் ஊர் ஊராகக் கூவினான். ஹாஜா மைதீன் கட்டுப்போடாத கையால் அவளுக்காகப் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையைத் தொலைத்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி ஆனதில்லை.

"மன்னிச்சுடும்மா," என்றார்.

விருத்தாம்பாள் படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வுடுங்க பாய்," என்றாள். "உங்களுக்கு இன்னா தெரியும்."